நரகத்தில் யாரை வைப்பது?

எண்ணெய்க் கொப்பரையும் எமதூதரும் உண்மையா, கட்டுக்கதையா? மதத்துக்கு மதம் பதில் மாறுகிறது. ஒரே மதத்துக்குள்ளும் மாறுகிறது. ஒரே வீட்டுக்குள்ளும்தான்.

2024 ஜனவரி 14. இத்தாலியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் போப் பிரான்சிஸ் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு நரகத்தின் பக்கம் திரும்பியது. தான் சொல்லப்போவது திருச்சபையின் கோட்பாடு இல்லை, தன் சொந்த எண்ணம் மட்டுமே என்று முதலிலேயே சொல்லிக்கொண்டார். பிறகு, நரகம் காலியாக இருப்பதாக எண்ணவே தனக்குப் பிடித்திருக்கிறது என்றும், அப்படி இருக்கும் என்ற எதிர்பார்ப்பு தனக்கு உண்டு என்றும் சொன்னார்.

நரகம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. அதில் ஒருவரும் இருக்க வேண்டாமே என்று ஆசைப்பட்டார். கத்தோலிக்க உலகின் தலைவரே இப்படிச் சொல்லலாமா என்று பதறியவர்கள் உண்டு. நெடுநாள் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது என்றவர்களும் உண்டு. நரகம் காலி என்றால் கொடுங்கோலர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டவர்களும் உண்டு.

இந்த மூன்று குரல்களும் எல்லா ஊரிலும் எல்லா மதத்திலும் இருக்கின்றன. நரகம் உண்டா இல்லையா என்ற வழக்கை மதங்களுக்கு இடையிலான வழக்காகவும், பக்தருக்கும் நாத்திகருக்கும் இடையிலான வழக்காகவும்தான் நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். கூர்ந்து பார்த்தால் ஒவ்வொரு மதமும் தனக்குள்ளேயே இந்த வழக்கை நடத்திக்கொண்டிருக்கிறது. வாதியும் பிரதிவாதியும் ஒரே கூரையின் கீழ் வாழ்கிறார்கள்.

கண்ணிமையால் பொறுக்கும் உப்பு

தமிழ்ப் பிள்ளைகளுக்கு நரகம் அடுப்படியில்தான் அறிமுகமாகிறது. உப்பைச் சிந்தினால், செத்த பிறகு அதைக் கண்ணிமையால் பொறுக்க வேண்டும் என்று பாட்டி சொல்வாள். பொய் சொன்னால் நாக்கை அறுப்பார்கள், திருடினால் எண்ணெய்க் கொப்பரையில் போடுவார்கள் என்பதெல்லாம் அதைத் தொடர்ந்து வரும் பாடங்கள்.

அதற்கெல்லாம் பின்னால் பெரிய நூல் மரபு ஒன்று நிற்கிறது. பாகவத புராணத்தின் ஐந்தாம் ஸ்கந்தம் 28 நரகங்களைப் பெயர் சொல்லி விவரிக்கிறது. மனு சொல்லும் கணக்கு 21. கருட புராணத்தில் உயிர் போன பாதையும், வழியில் குறுக்கிடும் வைதரணி நதியும், எமனின் சபையும், தண்டனைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. துக்க வீட்டில் மட்டுமே படிக்க வேண்டிய நூல் என்று நம் ஊர்களில் அதை ஒதுக்கி வைத்திருந்தார்கள். 2005-ல் ஷங்கர் இயக்கத்தில் வந்த ‘அந்நியன்’ அதைத் திரையரங்குக்குக் கொண்டுவந்தது. அந்தகூபம், கும்பிபாகம், கிருமிபோஜனம் என்ற பெயர்களை ஒரு தலைமுறையே அதில் நடித்த விக்ரம் வாயிலாகத்தான் கற்றுக்கொண்டது.

நம் சாவுச் சடங்குகளிலும் இந்தப் பயணத்தின் தடம் இருக்கிறது. வைதரணியைக் கடக்க உதவும் என்று கோதானம் கொடுக்கிறார்கள். போகிற வழிக்கு வெளிச்சம் வேண்டும் என்று பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கிறார்கள்.

சித்ரா பௌர்ணமி அன்று காஞ்சிபுரத்தில் சித்ரகுப்தர் கோயிலுக்குப் போனால் இன்னொரு முகம் தெரியும். எமனின் கணக்குப்பிள்ளை அங்கே ஒரு கையில் எழுத்தாணியும் மறு கையில் ஏடுமாக அமர்ந்திருக்கிறார். தண்டனைக்கான கணக்கை எழுதுகிறவர் என்று அவரைக் கண்டு யாரும் ஒதுங்கிப்போவதில்லை. பொங்கல் வைக்கிறார்கள், விளக்கேற்றுகிறார்கள். அவரிடம் வழக்கமாக வைக்கும் வேண்டுதலைக் கேட்டால் மனம் இளகும்: மலையளவு பாவத்தைக் கடுகளவாக எழுது, கடுகளவு புண்ணியத்தை மலையளவாக எழுது. கணக்கு இருக்கட்டும், ஆனால் எழுதுகிற கைக்கு இரக்கமும் இருக்கட்டும் என்கிறது அந்த வேண்டுதல். நரகத்தை நம்புகிறவர்களின் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

சைவ சித்தாந்தம் இதைத் தத்துவமாகவே வளர்த்தது. 13-ம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், இறைவனின் தண்டனையையும் கருணையின் பக்கத்தில்தான் வைக்கிறது. சொல் கேளாத பிள்ளையைப் பெற்றவர் அடித்துத் திருத்துவதும் பரிவுதானே என்று கேட்கிறது. உயிரைப் பற்றியிருக்கும் வினையைக் கழித்துவிட்டு மேலே அனுப்பும் இடமாகிறது நரகம். யாரையும் அங்கேயே நிரந்தரமாக அடைத்துவைக்கும் எண்ணம் இந்தச் சிந்தனையில் இல்லை.

எத்தனை காலம்?

மதங்களுக்கு நடுவிலும் மதங்களுக்கு உள்ளேயும் நடக்கும் சண்டையின் உயிர்நாடி இந்தக் கேள்விதான். நரகம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதில் விழுந்தவர் எழுந்து வர முடியுமா?

இந்திய மண்ணின் மதங்கள் பெரும்பாலும் முடியும் என்கின்றன. சமணம் ஒன்றின் கீழ் ஒன்றாக ஏழு நரகங்களைச் சொல்கிறது. அங்கே வாழ்நாளின் நீளம் மனிதக் கணக்குக்கே எட்டாது. ஆனாலும் அதற்கு ஒரு முடிவு உண்டு. மகாவீரர் காலத்து மகத மன்னன் சிரேணிகன் அவர்மேல் பெரும் பக்தி கொண்டவன். முன்பு செய்த வினையால் இப்போது முதல் நரகத்தில் இருக்கிறான் என்கிறது சமண மரபு. அதே மரபுதான் அடுத்த காலச் சுற்றில் அவனே முதல் தீர்த்தங்கரராகப் பிறப்பான் என்றும் சொல்கிறது. நாளை வணங்கப்படப்போகிறவர் இன்று நரகத்தில் இருக்கலாம் என்றால், நரகத்தில் இருப்பவர் யாரையும் இழிவாகப் பேச நமக்கு ஏது தகுதி?

பௌத்தமும் இதே வழியில் போகிறது. புத்தரைக் கொல்லப் பார்த்த தேவதத்தனை அவீசி நரகம் விழுங்கியது என்கின்றன பௌத்த நூல்கள். மகாயானத்தின் தாமரை சூத்திரமோ அவனும் ஒருநாள் புத்தனாவான் என்கிறது. பாலி நூலான தேவதூத சுத்தத்தில் வரும் எமன், தன்முன் நிறுத்தப்பட்டவனைப் பார்த்து எடுத்ததுமே ஓலையைப் படிப்பதில்லை. பச்சிளம் குழந்தையையும் முதியவரையும் நோயாளியையும் தண்டிக்கப்பட்ட குற்றவாளியையும் பிணத்தையும் நீ பார்த்ததே இல்லையா, பார்த்தும் உனக்கு எதுவும் தோன்றவில்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். கடைசியில் அந்த எமனே, தானும் மனிதனாகப் பிறந்து புத்தரிடம் அறம் கேட்க வேண்டும் என்று ஏங்குகிறான். நரகத்தின் அதிபதிக்கே அந்த வேலை கசக்கிறது!

இந்திய மரபுக்குள்ளும் விதிவிலக்கு உண்டு. 13-ம் நூற்றாண்டில் உடுப்பியில் வாழ்ந்த மத்வாச்சாரியார், சில உயிர்கள் இயல்பிலேயே மீட்சிக்கு உரியவை அல்ல என்றார். மீளவே முடியாத இருள் அவற்றுக்கு உண்டு என்பது அவருடைய துவைத நெறியின் கோட்பாடு. இந்துக்கள் எல்லோரும் நரகத்தைத் தற்காலிகமானதாகவே கருதுகிறார்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

யூத மரபில் பெரும்பாலோருக்குத் தண்டனைக் காலம் அதிகபட்சம் 12 மாதம். அதனால் ஓர் அழகான வழக்கம் உருவானது. இறந்த பெற்றோருக்காகப் பிள்ளைகள் சொல்லும் கதீஷ் என்ற வேண்டுதலை 11 மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 12 மாதமும் சொன்னால், முழுத் தண்டனைக்கும் உரிய பாவி என்று தன் தாயையும் தகப்பனையும் தானே நினைத்ததாக ஆகிவிடுமே!

கிறிஸ்தவத்தில் இது இன்னும் கடுமையான சண்டை. 3-ம் நூற்றாண்டில் ஒரிஜென் என்ற அறிஞர் எல்லா உயிரும் இறுதியில் இறைவனிடம் திரும்பும் என்று எழுதினார். அவர் இறந்து ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு ஆன பிறகு, 6-ம் நூற்றாண்டில் அந்தக் கருத்து கண்டனத்துக்கு உள்ளானது. 5-ம் நூற்றாண்டில் அகஸ்டின் முடிவில்லாத் தண்டனையே உண்டு என்று வாதிட்டார். மேற்குத் திருச்சபை பெரும்பாலும் அவர் வழியில் நடந்தது. கத்தோலிக்கர்கள் சொர்க்கத்துக்கும் நரகத்துக்கும் நடுவில் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் அதை ‘உத்தரிக்கிற ஸ்தலம்’ என்பார்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று தமிழ்நாட்டுக் கல்லறைத் தோட்டங்களில் ஏற்றப்படும் மெழுகுவர்த்திகளும் சொல்லப்படும் செபங்களும் அங்கே தவிக்கும் ஆத்துமாக்களுக்காகத்தான். சீர்திருத்த சபைகள் அப்படி ஓர் இடமே வேதத்தில் இல்லை என்று மறுத்துவிட்டன. யெகோவாவின் சாட்சிகள் எரிநரகத்தையே ஏற்பதில்லை. ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் தீயோர் அழிந்துபோவார்கள், என்றென்றும் எரிந்துகொண்டிருக்க மாட்டார்கள் என்கிறார்கள். எல்லோரும் ஆதாரம் காட்டுவது பைபிளைத்தான்.

இஸ்லாத்தில் குர்ஆன் ஜஹன்னம் என்ற நரகத்துக்கு ஏழு வாசல்களைச் சொல்கிறது. நிராகரித்தவர்களுக்கு அது நிரந்தரம் என்பதே மார்க்க அறிஞர்களான ஆலிம்களில் பெரும்பாலோரின் முடிவு. உள்ளத்தில் அணுவளவு ஈமான், அதாவது இறைநம்பிக்கை, இருந்தாலும் ஒருநாள் வெளியேற்றப்படுவார் என்று நபிமொழிகளான ஹதீஸ்கள் ஆறுதல் சொல்கின்றன. 14-ம் நூற்றாண்டில் இப்னு தைமிய்யாவும் அவருடைய மாணவர் இப்னுல் கய்யிமும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இறைவனின் கருணை அவனுடைய கோபத்தை மிஞ்சியது என்றால் நரக நெருப்பும் ஒருநாள் அணையத்தானே வேண்டும் என்று வாதங்களை முன்வைத்தார்கள். மார்க்க விஷயத்தில் மிகக் கண்டிப்பானவர்கள் என்று பெயர் வாங்கியவர்களிடமிருந்து இந்தக் குரல் வந்ததை மறந்துவிடக் கூடாது. பெரும்பான்மை அதை ஏற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ரமலானிலும் நம் பள்ளிவாசல்களில் கடைசிப் பத்து நாட்களை ‘நரக விடுதலைக்கான பத்து’ என்றுதான் சொல்கிறார்கள். அந்த இரவுகளில் ஏந்திய கைகளைப் பார்த்தவர்களுக்கு, அச்சமும் நம்பிக்கையும் எவ்வளவு நெருங்கி இருக்கின்றன என்பது விளங்கும்.

மயில் கறியும் மண்பானையும்

நம்பிக்கை என்று விட்டுவிடாமல் சோதித்துப் பார்த்தவர்களும் இருந்தார்கள். பாலி நூல்களில் ஒன்று பாயாசி என்ற சிற்றரசனின் கதையைச் சொல்கிறது. மறுவுலகம் இல்லை என்பது அவன் கட்சி. அதை நிரூபிக்க ஒரு வழி கண்டான். சாகக் கிடந்த பொல்லாத உறவினர்களிடம் போய், நீங்கள் நரகத்துக்குப் போனால் திரும்பி வந்து எனக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டான். சரி என்றவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. அடுத்து, ஒரு திருடனை உயிரோடு பானைக்குள் வைத்து, வாயைத் தோலாலும் களிமண்ணாலும் மூடி அடுப்பில் ஏற்றினான். உயிர் வெளியேறுவதைக் கண்ணால் பார்க்க மெதுவாகத் திறந்தான். ஒன்றும் தெரியவில்லை.

குமார கஸ்ஸபர் என்ற பிக்கு அவனுக்குச் சொன்ன பதில் புகழ்பெற்றது: கொலைக்களத்துக்கு இழுத்துப் போகப்படும் குற்றவாளி, உறவினரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றால் காவலர் விடுவார்களா? வாதத்தில் வென்றவர் பிக்கு என்று நூல் முடிகிறது. ஆனால் நம்மை உலுக்குவது வேறொன்று. நரகம் இல்லை என்று காட்ட அந்த அரசன் அந்தத் திருடனுக்கு ஒரு கும்பிபாக நரகத்தை அடுப்பிலேயே உண்டாக்கிவிட்டான்.

மறுபக்கத்தில் அகஸ்டின். எரிந்துகொண்டே இருக்கும் உடல் எப்படி அழியாமல் இருக்கும் என்று கேட்டவர்களுக்கு இயற்கையிலிருந்தே சான்று தேடினார். கார்த்தேஜ் நகரில் தனக்குப் பரிமாறிய மயில் கறியில் ஒரு துண்டை எடுத்து வைக்கச் சொன்னார். முப்பது நாள் கழித்தும் கெடவில்லை, ஓராண்டு கழித்தும் சற்று வற்றியதைத் தவிர மாற்றமில்லை என்று ‘கடவுளின் நகரம்’ நூலில் எழுதினார். மயில் கறிக்கே அந்தத் தன்மையைக் கொடுத்த இறைவனால் பாவியின் உடலை அழியாமல் எரிக்க முடியாதா என்பது வாதம்.

பானையும் மயில் கறியும் எதையும் நிரூபிக்கவில்லை. போய்ப் பார்த்துத் திரும்பி வந்து சாட்சி சொல்ல ஆள் இல்லாத இடத்தைப் பற்றிய வழக்கு இது. ஆகவே ஒருவர் நரகத்தைப் பற்றிச் சொல்வது அவர் மனதில் இருக்கும் நீதியையும் இரக்கத்தையும் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

கீழ்வெண்மணியின் கேள்வி

நரகத்தை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு, கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 தலித் உயிர்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் பின்னணியில் நடந்த கொடுமை. கீழமை நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. பூமியில் இருக்கும் நீதிமன்றம் கைவிட்ட பிறகு, பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எந்தப் படியில் ஏறுவாள்? ‘மேலே ஒருத்தன் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கான்’ என்ற ஒரு சொல்லைத் தவிர அவளுக்கு மிச்சம் என்ன?

வலியவன் செய்த கொடுமை கேட்பாரின்றிப் போய்விடக் கூடாது என்ற தவிப்பு மனிதரின் உயர்ந்த குணங்களில் ஒன்று. நரகம் என்ற எண்ணத்தின் வலுவான வேர் அங்கேதான் இருக்கிறது. ‘நரகம் காலியாக இருக்கட்டும்’ என்று சுகமாக வாழ்கிறவர்கள் எளிதாகச் சொல்லிவிடலாம். அடிபட்டவர்களிடம் அதைச் சொல்லுமுன் அவர்களுக்கு இந்த உலகத்தில் நீதி வாங்கித் தர நாம் என்ன செய்தோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நரக பயம் மனிதரைத் திருத்துகிறதா? 2012-ல் அசிம் ஷெரிஃப், மிக்கே ரெம்துல்லா என்ற ஆய்வாளர்கள் 67 நாடுகளின் தகவல்களை ஒப்பிட்டார்கள். நரக நம்பிக்கை ஓங்கிய நாடுகளில் குற்றங்கள் குறைவாக இருந்தன. ஆனால் 2014-ல் ஷெரிஃப் இன்னோர் ஆய்வாளரோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, நரக நம்பிக்கை உள்ளவர்களின் மகிழ்ச்சியும் குறைவாக இருப்பதைக் காட்டியது. இரண்டும் சேர்ந்திருப்பதைத்தான் இந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஒன்றால் மற்றொன்று விளைந்தது என்று அவை நிறுவிவிடவில்லை. ஆனாலும் அச்சம் தரும் ஒழுங்குக்கு ஒரு விலை இருக்கிறது என்பதை நம் அனுபவமும் சொல்லும்.

அச்சம் போனால் அதிகாரம் போகும்

அந்த விலையைக் கொடுப்பது பெரும்பாலும் எளியவர்கள்தான். 1741 ஜூலை 8 அன்று அமெரிக்காவின் என்ஃபீல்டில் ஜோனதன் எட்வர்ட்ஸ் என்ற போதகர் நரகத்தின் விளிம்பில் தொங்கும் பாவிகளைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். கேட்டவர்கள் அலறினார்கள். அமைதியாக இருக்கும்படி அவரே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. நம் ஊரில் வேறு வகை அலறல். ஆண் மகவு இல்லாதவர்கள் ‘புத்’ என்ற நரகத்தில் விழுவார்கள் என்ற சாத்திரப் பேச்சு, எத்தனை பெண்களை அடுத்தடுத்த பிரசவத்துக்குத் தள்ளியிருக்கும்! பிள்ளை இல்லாத எத்தனை தம்பதியரைக் குன்ற வைத்திருக்கும்!

அதனால்தான் இந்த அச்சத்தை உதறியவர்கள் தமிழ் வரலாற்றில் கலகக்காரர்களாகவும் இருந்தார்கள். பல்லவ மன்னனின் ஆட்கள் அழைக்க வந்தபோது, நாங்கள் யாருக்கும் குடிமக்கள் இல்லை, எமனுக்கும் அஞ்சமாட்டோம், நரகத்தில் துன்பப்படவும் மாட்டோம் என்ற பொருளில் பாடினார் திருநாவுக்கரசர். செத்த பிறகு கிடைக்கும் தண்டனைக்கே அஞ்சாதவரை அரசன் எதைக் காட்டி மிரட்டுவான்? பதின்மூன்று நூற்றாண்டுகள் கழித்து, கடவுளே இல்லை என்ற எதிர்த்திசையிலிருந்து வந்தார் பெரியார். சொர்க்கம், நரகம், மோட்சம், மறுபிறவி எல்லாமே உழைப்பவரை அடக்கி வைக்கவும் சடங்கின் பெயரால் சுரண்டவும் கட்டிய கதைகள் என்றார். நரகம் இல்லை என்பது அவருக்குத் தத்துவ விவாதமாக மட்டும் இருக்கவில்லை. திதிக்கும் தானத்துக்கும் கடன் வாங்கிய குடும்பங்களுக்கு அது விடுதலை அறிவிப்பாக இருந்தது. ஒருவர் சிவனைப் பற்றிக்கொண்டு அச்சத்தைத் துறந்தார். மற்றவர் பகுத்தறிவைப் பற்றிக்கொண்டு துறந்தார். இருவரும் யார் முன்னும் குனியவில்லை.

கதவைத் திறக்கப் போனவர்கள்

நரகத்தை முழுமையாக நம்பியும் அதில் பிறர் வாடுவதைப் பொறுக்காதவர்கள் இன்னொரு வகை. என் மனதை மிகவும் ஆட்கொண்டவர்கள் இவர்கள்தான்.

மார்க்கண்டேய புராணத்தில் விபஸ்சித்து என்ற மன்னன் வருகிறான். புண்ணியவான். சிறு பிழை ஒன்றுக்காக நரகத்தைப் பார்க்க அழைத்துச் செல்லப்படுகிறான். அவன் கிளம்பும்போது, இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள் என்று நாலா பக்கமிருந்தும் கதறல் எழுகிறது. அவன் மேனியைத் தொட்டு வந்த காற்று அவர்களுடைய வேதனையைத் தணித்திருக்கிறது. நான் இங்கே இருப்பதால் இவர்களுக்கு ஆறுதல் கிடைக்கும் என்றால் சொர்க்கம் எனக்கு எதற்கு என்று அவன் நின்றுவிடுகிறான். தேவர்கள் வந்து கெஞ்சுகிறார்கள். தன் புண்ணியம் முழுவதையும் கொடுத்து அவர்களை மீட்ட பிறகுதான் நகர்கிறான். மகாபாரதத்தின் முடிவில் தருமனும் இதைத்தான் செய்கிறான். தம்பியரின் குரல் நரகத்திலிருந்து கேட்டதும், எனக்கு இதுவே சொர்க்கம் என்று அங்கேயே தங்கத் துணிகிறான்.

ஆழ்வார்கள் நரகத்தையே மாற்றிவிட்டார்கள். எமனும் முற்கலன் என்பவனும் பேசிக்கொண்டிருந்தபோது திருமாலின் நாமம் காதில் விழ, நரகத்தில் கிடந்தவர்களுக்கு அந்த இடமே சொர்க்கமாகிவிட்டது என்று திருமாலையில் பாடுகிறார் தொண்டரடிப்பொடியாழ்வார். நரகம் நைந்துவிட்டது, எமனுக்கு இனி இங்கே வேலையில்லை என்று கொண்டாடுகிறார் நம்மாழ்வார்.

அந்தப் பாசுரங்களைச் செயலாக்கிய இடம் சிவகங்கை மாவட்டத்தின் திருக்கோட்டியூர். மந்திரத்தின் பொருளை அறிய ராமானுஜர் 18 முறை நடந்து வந்தார் என்கிறது வைணவ மரபு. கடைசியில் இசைந்த திருக்கோட்டியூர் நம்பி, இதை வெளியே சொன்னால் நரகம்தான் என்று எச்சரித்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தார். ராமானுஜர் கோயிலின் உயரத்தில் ஏறி, கூடியிருந்த எல்லோருக்கும் சொன்னார். கோபத்தோடு வந்த குருவிடம் அவர் தந்த பதில், இத்தனை பேர் உய்வார்கள் என்றால் நான் ஒருவன் நரகம் புகுவது பெரிதில்லை என்பதுதான். குரு நெகிழ்ந்து அவரை ‘எம்பெருமானார்’ என்று அணைத்துக்கொண்டார். ராமானுஜர் நரகத்தைச் சந்தேகிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உண்மை என்று நம்பியேதான் அதை ஏற்கத் துணிந்தார்.

இந்தியாவுக்கு வெளியிலும் இதே மனம் கொண்டவர்கள் இருக்கிறார்கள். 8-ம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த சூஃபி ராபியா, ஒரு கையில் நெருப்பும் மறு கையில் தண்ணீருமாக ஓடினாராம். சொர்க்கத்தைக் கொளுத்தி நரகத்தை அணைத்துவிட்டால், ஆசையும் பயமும் இல்லாமல் மனிதர் இறைவனை நேசிப்பார்கள் என்றாராம். நரகங்கள் காலியாகும்வரை புத்தநிலை எனக்கு வேண்டாம் என்று சபதம் எடுத்தவராக மகாயானம் போற்றும் கிஷிதிகர்பர், ஜப்பானில் ஜிஸோ என்ற பெயரில் சிவப்புத் துணி கட்டிய சிறு சிலைகளாக நிற்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் அவரிடம் போகிறார்கள்.

நம் காலத்தில் அமெரிக்காவின் டல்ஸா நகரத்து கார்ல்டன் பியர்சன். ஆயிரக்கணக்கானோர் கூடிய பெந்தெகொஸ்தே சபையின் பிஷப். ஒரு மாலை, கைக்குழந்தையான மகளோடு சாப்பிட்டபடி தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். ருவாண்டா அகதிகள் பசியால் சாகும் காட்சி. இவர்கள் இரட்சிக்கப்படாதவர்கள், இங்கேயும் செத்து அங்கேயும் எரியப்போகிறார்கள் என்றுதானே நான் போதித்து வந்திருக்கிறேன் என்ற எண்ணம் அவரைக் குத்தியது. இவர்கள் ஏற்கெனவே நரகத்தில்தான் இருக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது. கடவுள் எல்லோரையும் ஏற்கிறார் என்று போதிக்கத் தொடங்கினார். சபை கரைந்தது. 2004-ல் பெந்தெகொஸ்தே பிஷப்புகள் அவரைச் சபை விரோதி என்று அறிவித்தார்கள். சபையின் கட்டடமும் கைவிட்டுப் போனது. 2023-ல் இறக்கும்வரை அவர் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

எந்த நம்பிக்கை நல்ல நம்பிக்கை?

அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2021-ல் நடத்திய கணக்கெடுப்பில் சொர்க்கம் உண்டு என்றவர்கள் 73 சதவீதம், நரகம் உண்டு என்றவர்கள் 62 சதவீதம். சொர்க்கத்தை நம்பும் எல்லோரும் நரகத்தை நம்புவதில்லை. நம்பிக்கைகள் மாறவும் செய்கின்றன. மாறக்கூடாது என்று சொல்லும் பீடங்களே மாறுகின்றன. நரகம் ஓர் இடம் என்பதைவிட இறைவனைவிட்டு விலகிய நிலை என்று 1999 ஜூலையில் விளக்கினார் போப் இரண்டாம் ஜான் பால். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளுக்கும் மீட்பு உண்டு என்று நம்ப இடமிருக்கிறது என்று 2007-ல் வத்திக்கானின் இறையியல் ஆணையம் எழுதியது. உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது, அவர்களுக்காகத் திருச்சபை செபிக்கிறது என்று 1992-ல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலே சொல்கிறது. பிள்ளையை அப்படி இழந்த வீட்டில் போய் இன்னமும் நரகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், எந்த மதத்தவராக இருந்தாலும், இதைப் படிக்க வேண்டும்.

நரகம் உண்டா என்று என்னைக் கேட்டால், நம்புகிறவரையும் நம்பாதவரையும் நான் ஒரே அளவுகோலால்தான் அளப்பேன். நீங்கள் நரகத்தை யாருக்காக வைத்திருக்கிறீர்கள்? உங்கள் கையால் நடக்கும் அநியாயத்தைத் தடுக்க அது உங்களுக்குள் இருந்தால், அந்த நம்பிக்கையைக் கைகூப்பி மதிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரையும் வேறு மதத்தவரையும் வேறு சாதியில் மணம் முடித்த பிள்ளையையும் அடைக்க வைத்திருந்தால், அதை எந்த வேதமும் நியாயப்படுத்த முடியாது. நம்பாதவருக்கும் கடமை உண்டு. மேலே நீதிமன்றம் இல்லை என்று சொல்லிவிட்டால் கீழே இருக்கும் நீதிமன்றத்தின் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும் பொறுப்பு இரு மடங்காகிறது.

பிள்ளைகளுக்கும் இதையே சொல்லிக்கொடுப்போம். எண்ணெய்க் கொப்பரையைக் காட்டி மிரட்ட வேண்டாம். விபஸ்சித்தின் கதையைச் சொல்வோம், ராபியாவின் கதையைச் சொல்வோம், கோயில் உயரத்தில் ஏறி நின்றவரின் கதையைச் சொல்வோம். தப்புச் செய்தால் என்ன தண்டனை கிடைக்கும் என்று கணக்குப் பார்க்கும் பிள்ளையைவிட, அடுத்தவர் துன்பத்தைப் பார்த்துவிட்டு நகர முடியாமல் நிற்கும் பிள்ளைதான் இந்த உலகத்துக்கு வேண்டும். பசியும் போரும் சாதியும் மூட்டிய நரகங்கள் நம் கண்ணெதிரிலேயே இருக்கின்றன. அவற்றைக் காலி செய்யும் வேலை எல்லா மதத்தவருக்கும் மதமற்றவருக்கும் பொதுவானது.